கதவடியில் ஒரு பேணி தண்ணீர்

கேட்கப்படாத கேள்விக்கு ஒரு மனிதர் ஏன் பதில் சொல்கிறார்? வெள்ளவத்தையில் நாங்கள் குடியிருந்த தொடர்மாடியின் நான்காம் தளத்தில், காலையில் பால் அடுப்பில் இருந்த நேரத்தில் நடந்த ஒரு சிறிய சம்பவம் இந்தக் கேள்வியை என் முன்னால் கொண்டுவந்து வைத்தது. அப்போது நான் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்து முடித்து, இடம்பெயர்ந்து வந்தவர்களின் முறைப்பாடுகளைப் பதிந்துகொள்ளும் ஓர் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். கேள்விகளைக் கேட்பதும் பதில்களை எழுதுவதும்தான் என் தொழில். இருந்தும் அந்தக் காலைக்குப் பொருந்தும் விளக்கம் எதுவும் என் படிப்பில் அகப்படவில்லை. இன்று அதை யோசிக்கும்போது எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ஓர் எவர்சில்வர் பேணி. விளிம்பில் சிறிய நெளிவு உள்ள, ஒரு வாய்க்குச் சற்று அதிகமாகத் தண்ணீர் பிடிக்கிற, சாதாரணப் பேணி. அது எங்கள் வீட்டுக் கதவடியில், சப்பாத்துத் தட்டின் மேல், தண்ணீர் நிறைந்தபடி பல வருடங்கள் இருந்தது.

அதை அங்கே வைத்தவர் என் மச்சாள். என் அண்ணாவின் மனைவி; என்னைவிட மூன்று வயது மூத்தவர். அவரும் என்னை மச்சாள் என்றுதான் கூப்பிடுவார். அண்ணா கட்டாரில் வேலை செய்தார். மச்சாளும் நானும் மச்சாளின் தம்பியுமாக அந்த வீட்டில் இருந்தோம். தம்பி யாழ்ப்பாணத்திலிருந்து லண்டனுக்குப் படிக்கப் போகவென்று வந்து, விசாவுக்காகக் காத்திருந்தவன். அது யுத்த காலம்; வடக்கிலிருந்து வந்து தங்குபவர்கள் தங்கும் வீட்டு விலாசத்தோடு பொலிஸில் பதியவேண்டும். அன்றைய வெள்ளவத்தையில் பாதிப் பேர் எதற்காகவோ காத்திருந்தவர்கள்தான். மச்சாள் கோட்டையில் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் வேலை பார்த்தார். மூன்று மொழிகளும் சரளம். எங்கள் மாடியில் சிங்களத்தில் ஏதாவது கதைக்கவேண்டி வந்தால், தண்ணீர்க் குழாய் திருத்துபவரிடமிருந்து மாநகரசபை ஆட்கள் வரை, எல்லோரும் மச்சாளைத்தான் முன்னுக்கு விடுவார்கள். இதை முதலிலேயே சொல்லக் காரணம் இருக்கிறது. மொழி தெரியாமல் மாட்டிக்கொண்டவர்களின் கதைகள் அந்தக் காலத்தில் ஏராளம். எங்கள் வீட்டில் நடந்தது அதற்கு நேர்மாறு. சிங்களம் தெரியாதவர் பயந்தால் பேசாமல் நிற்பார். மச்சாளின் பயத்துக்குச் சிங்களம் நன்றாகத் தெரிந்திருந்தது.

சம்பவம் இதுதான். எங்களுடையது மேல்மாடி. மொட்டை மாடிக் கதவைப் பூட்டித் திறக்கும் திறப்பு எங்கள் வீட்டு ஆணியில்தான் தொங்கும். அன்று காலை ஒரு பொலிஸ் அதிகாரியும் இரண்டு பேரும் மாடிப்படி ஏறி வந்து கதவைத் தட்டினார்கள். மச்சாள் திறந்தார். அதிகாரி களைத்திருந்தார், முகத்தைத் துடைத்துக்கொண்டு, மொட்டை மாடித் திறப்பு இங்கேயா இருக்கிறது என்று கேட்டார். மேலிருந்து தெருவை ஒருமுறை பார்க்க நினைத்திருப்பார்கள்; அவ்வளவுதான். குசினியில் பால் அடுப்படியில் நின்ற எனக்கு அந்தக் கேள்வி தெளிவாகக் கேட்டது. மச்சாள் சொன்ன பதிலும் கேட்டது. அழகான, பிழையில்லாத சிங்களத்தில், மூச்சுவிடாமல் சொன்னார்: “என் தம்பி நல்ல பிள்ளை, மாத்தயா. அவனுக்கு ஒருவரோடும் தொடர்பில்லை. லண்டன் போகத்தான் வந்திருக்கிறான். பொலிஸில் பதிந்திருக்கிறோம்.”

அதிகாரி திறப்பை மறந்துவிட்டார். கைக்குட்டையை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு மிகவும் அமைதியாக, “எந்தத் தம்பி?” என்று கேட்டார்.

தம்பியைக் கொண்டுபோனார்கள். ஆணியில் தொங்கிய திறப்பு அங்கேயே தொங்கியது. அடுத்து வந்த நாட்களில் மச்சாளும் நானும் பொலிஸ் நிலைய வாசலில் மற்றப் பெண்களோடு நின்றதையும், சட்டத்தரணி ஒருவரைத் தேடி அலைந்ததையும் இங்கே நீட்டி எழுதவில்லை. அந்த வாசல்களில் நின்றவர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. விசாரித்து முடித்து அவனை விட்டார்கள். அடி எதுவும் விழவில்லை என்று சொன்னான். அதற்குமேல் நாங்கள் கேட்கவில்லை. ஆனால் அவன் உள்ளே இருந்த நாட்களில்தான் அவனுடைய விசா நேர்முகம் வந்து போயிருந்தது. கல்லூரி இடம் அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போனது. அடுத்த வருடமும் தவறினால் இடம் இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட்ட பிறகு அவன் சிரித்துக்கொண்டு சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. “அக்கா, திறப்பைக் கேட்டவனுக்கு நீங்கள் என்னையெல்லோ எடுத்துக் குடுத்தனீங்கள்.”

அவன் பகிடியாகத்தான் சொன்னான். மச்சாளும் சிரித்தார். பிறகு கோப்பையைக் கழுவப் போனவர் நெடுநேரம் குழாயைத் திறந்தபடி விட்டுவிட்டு நின்றார்.

இப்படி ஒரு தவறுக்குப் பிறகு மனிதர் செய்யக்கூடியவை சில உண்டு. தன்னைத் திட்டிக்கொண்டே இருக்கலாம். விதி என்று சொல்லிக் கோயிலில் அர்ச்சனை செய்யலாம். கதவைத் தட்டியவர்கள்மேல் முழுவதையும் போடலாம். கடைசியாகச் சொன்னதில் நியாயமும் உண்டு. ஒரு நகரத்தில் கதவு தட்டப்படும் சத்தத்துக்கே நெஞ்சு அடைக்கும்படி மனிதரை வாழவைத்தவர்களின் பொறுப்பு, அந்த வாசலில் தடுமாறிய ஒரு பெண்ணின் பொறுப்பைவிடப் பெரியது. இதை நான் மச்சாளிடம் பல தடவை சொன்னேன். அவர் மறுக்கவில்லை. ஆனால் ஒருநாள் பின்னேரம், ரயில் பாதையைக் கடந்து கடலோரக் கற்களில் நாங்கள் இருந்தபோது, அவர் வேறு திசையிலிருந்து யோசித்துக்கொண்டிருந்தது தெரிந்தது.

“நீர் சொல்லுறது சரிதான் மச்சாள்,” என்றார். “ஆனா அவங்களை என்னால மாத்த ஏலாது. என்ரை வாயை நான் பாக்கலாம்தானே. அந்த மனுசன் கேட்டது திறப்பு. எனக்குள்ள வேற ஒரு கேள்வி எப்பவும் கேட்டுக்கொண்டே இருக்குது. ஆர் வந்து கதவைத் தட்டினாலும் நான் அதுக்குத்தான் பதில் சொல்லுறன்.”

என் கேள்விக்கான விடையை அவர் அந்தக் கல்லில் இருந்தபடியே சொல்லிவிட்டார் என்பது எனக்குப் பின்னர்தான் விளங்கியது. நாங்கள் எல்லோரும் ஒரு நிரந்தர விசாரணையை உள்ளே சுமந்துகொண்டு திரிந்தோம். நீ யார், எங்கிருந்து வந்தாய், ஏன் வந்தாய், எப்போது போவாய். வெளியே யாரும் கேட்காத நேரத்திலும் உள்ளே அது நிற்பதில்லை. பஸ்ஸில் தமிழில் கதைப்பதை நிறுத்துவதும், அடையாள அட்டை இருக்கிறதா என்று கைப்பையைத் தடவிக்கொள்வதும் அதற்குச் சொல்லப்படும் பதில்கள்தான். மச்சாள் தன் விஷயத்தில் அதைக் கையும் களவுமாகப் பிடித்தார்.

அதன் பிறகு அவர் தன்னைக் கவனிக்கத் தொடங்கினார். வேறு சொல் எனக்குத் தெரியவில்லை. இன்று இதற்கு வகுப்புகள் நடக்கின்றன, பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள், கொழும்பின் விடுதி மண்டபங்களில் கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கச் சொல்லித் தருகிறார்கள். மச்சாளுக்குக் கிடைத்த வகுப்பறைகள் மரக்கறிக் கடையும் பாண் கடையும் நூறாம் இலக்க பஸ்ஸும். வேலை முடிந்து வந்து தேத்தண்ணீர் போட்டுக்கொண்டு, அன்றைக்கு யாரும் கேட்காமலே தான் சொன்ன பதில்களை எனக்கு ஒப்பிப்பார். கொண்டக்டர் எங்கே இறங்குவது என்று கேட்டதற்கு, கோட்டை என்று சொன்னதோடு நிற்காமல் தான் அங்கே எவ்வளவு காலமாக வேலை செய்கிறார் என்பதையும் சொல்லியிருப்பார். “இண்டைக்கு மரக்கறிக்காரனுக்கு உங்கட அண்ணா கட்டாரில இருக்கிறதைச் சொல்லிப்போட்டன்,” என்றார் ஒருநாள். “அவன் கேட்டது கத்தரிக்காய் காலோ அரையோ எண்டு.” தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். மச்சாளும் சிரித்தார். தன்னைப் பார்த்துச் சிரிக்க முடிந்த நாளிலிருந்து, குற்றவுணர்வால் சற்றுக் குனிந்திருந்த அவருடைய நடை நிமிரத் தொடங்கியதை நான் கவனித்தேன்.

நானும் உதவ முயன்றேன். அலுவலகத்தில் சட்டம் தெரிந்தவர்களிடம் கேட்டு, வாசலில் வழக்கமாகக் கேட்கப்படும் கேள்விகளுக்குச் சுருக்கமான சிங்களப் பதில்களைத் தயாரித்து, மனப்பாடம் செய்யக் கொடுத்தேன். மச்சாள் சொற்பொழிவுப் போட்டிக்குத் தயாராகும் பிள்ளையைப்போல் ஒழுங்காகப் படித்தார். அடுத்த வாரம் மின்சார மீற்றர் பார்க்க வந்தவர் கதவைத் தட்டினார். மச்சாள் கதவைத் திறந்து, நான் கொடுத்த பதில்கள் அனைத்தையும் வரிசை குலையாமல் அவருக்கு ஒப்புவித்தார். அந்த மனிதர் கையிலிருந்த டோர்ச்சை அணைத்துவிட்டு, தான் பிழையான வீட்டுக்கு வந்துவிட்டேனோ என்று கேட்டாராம்.

ஆனால் அந்தத் தோல்வியிலிருந்து மச்சாள் ஒன்றைக் கண்டுபிடித்தார். பதில்கள் குறைவாக இருப்பது தன் பிரச்சினை அன்று. கேள்வி தன் காதுக்கு வந்து சேர்வதே இல்லை. அதற்கு முன் உடம்பில் என்ன நடக்கிறது என்றும் பார்த்துவைத்திருந்தார். “முதல் காது சுடும்,” என்று எனக்கு விளக்கினார். “பிறகு தோள் ரெண்டும் மேல போகும். அதுக்குப் பிறகுதான் வாய் திறக்கும். இடையில கொஞ்ச இடம் இருக்குது மச்சாள். சின்ன இடம்தான். ஆனா இருக்குது. அதுக்குள்ள நான் போய் நிக்கவேணும்.”

அந்தச் சின்ன இடத்துக்குள் போய் நிற்கும் வழி, தற்செயலாகக் கிடைத்தது. ஒரு சனிக்கிழமை அவருக்குத் தலையிடி. குளிசையை வாயில் போட்டுத் தண்ணீரை ஊற்றிய அதே நேரத்தில் கதவு தட்டப்பட்டது. வாய் நிறையத் தண்ணீரோடு போய்த் திறந்தார். வெளியே காஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர். அவர் தன் கேள்வியைக் கேட்டார். மச்சாளால் வாய் திறக்க முடியவில்லை. விழுங்கும்வரை நின்று, அவர் சொன்னதை முழுவதும் கேட்கவேண்டியதாகிவிட்டது. சிலிண்டரை மேலே தூக்கி வரவா, கீழே காவலாளியிடம் வைக்கவா என்பதுதான் கேள்வி. “மேலே,” என்றார் மச்சாள். அந்த ஒற்றைச் சொல்லோடு கதவைச் சாத்திவிட்டு என்னிடம் திரும்பியபோது, பரீட்சையில் திறமைச் சித்தி எடுத்தவரின் முகம் அது. தலையிடியையும் மறந்துவிட்டார்.

அன்று பின்னேரமே அந்தப் பேணி சப்பாத்துத் தட்டின் மேல் ஏறியது. யார் தட்டினாலும் மச்சாள் முதலில் ஒரு வாய் தண்ணீர் குடிப்பார். வாயில் தண்ணீரோடு கதவைத் திறப்பார். வந்தவர் பேசி முடிக்கும்போது விழுங்குவார். பார்ப்பதற்கு வேடிக்கையாகத்தான் இருந்தது. எங்களுக்கு எதிர் வீட்டில் கொட்டாஞ்சேனை அன்ரி இருந்தார். கணவர் துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வுபெற்ற பிறகு மகளுக்குப் பக்கத்தில் இருக்கவென்று வெள்ளவத்தைக்கு வந்தவர். ஞாயிறு பூசைக்கு மட்டும் தவறாமல் கொட்டாஞ்சேனைக்கே போவார். கதவடியில் தண்ணீரைக் கண்டதும் அவருக்குத் தாளவில்லை. “என்ன புள்ள, எங்கட கோயில் வாசல்லதான் தண்ணி வச்சிருப்பாங்க. நீங்களும் வேதத்துக்கு வந்துட்டீங்களா? சொல்லியிருந்தா ஃபாதரக் கூட்டிட்டு வந்திருப்பேனே.” அடுத்த நாட்களில் எங்கள் வீட்டைக் கடக்கும்போதெல்லாம் விரலால் நெற்றியில் சிலுவை போட்டுக்காட்டிவிட்டுப் போவார். மச்சாள் கோபிக்கவில்லை. கோபிக்காதது மட்டுமன்று, ஏன் வைத்திருக்கிறேன் என்று அன்ரிக்கு விளக்கவும் இல்லை. ஏன் என்று அன்ரி கேட்கவில்லையே.

மாதங்கள் போயின. தம்பிக்குப் புதிய நேர்முகத் தேதி வந்தது. அதற்கு இரண்டு நாள் முன்னர் நகரத்தில் ஒரு குண்டு வெடித்தது. அப்படி நடந்தால் அடுத்து என்ன என்பது எல்லோருக்கும் தெரியும். ஒழுங்கை முனைகளில் ஜீப்புகள் நின்றன. மறுநாள் நானும் மச்சாளும் வேலைக்குப் போகவில்லை. தம்பியை வேறெங்காவது அனுப்பலாமா என்று யோசித்தோம். தெஹிவளையில் ஒரு சொந்தக்காரர் வீடு இருந்தது. ஆனால் பதிவு இல்லாத வீட்டில் பிடிபட்டால் அதுவே குற்றமாகிவிடும். போகும் வழியில் சோதனைச் சாவடியும் உண்டு. இரண்டு பக்கத்தையும் எடைபோட்டுப் பார்த்து, பதிந்திருக்கும் வீட்டில் பதிந்தபடியே இருப்பது என்று முடிவெடுத்தோம்.

பின்னேரம், பிள்ளைகள் பள்ளிக்கூட வான்களிலிருந்து இறங்கும் நேரம், கதவு தட்டப்பட்டது. தம்பி உள் அறையில் நாளைக்குப் போட்டுப்போகும் வெள்ளைச் சட்டையை அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தான். நான் விறாந்தையில் இருந்தேன். மச்சாள் எழுந்து போனார். பேணியை எடுத்தார். தட்டும் சத்தம் மறுபடி, பலமாகக் கேட்டது. அவர் அவசரப்படவில்லை. ஒரு வாய் எடுத்துக்கொண்டு, பேணியை இடக்கையில் பிடித்தபடி, வலக்கையால் கதவைத் திறந்தார்.

இது வேறு அதிகாரி. பின்னால் ஆயுதத்தோடு இரண்டு பேர். இந்த மாதத்தில் புதிதாக யாராவது இந்த வீட்டுக்கு வந்திருக்கிறார்களா என்று கேட்டார். மச்சாள் கேள்வியை முழுவதும் கேட்டார், விழுங்கினார். “இல்லை, மாத்தயா,” என்றார். அது உண்மை. தம்பி வந்து ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது.

அதற்குப் பிறகு வந்த மௌனம்தான் அந்த நாளின் மிகக் கடினமான பகுதி. அதிகாரி எதுவும் கேட்கவில்லை, போகவும் இல்லை. மச்சாளின் தோளுக்கு மேலால் வீட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். மௌனத்தை நீளவிட்டால் எதிரில் நிற்பவர் அதைத் தானாகவே நிரப்புவார் என்பது கேள்வி கேட்பவர்களுக்குத் தெரிந்த வித்தை. என் தொழிலிலும் அது உண்டு. பின்னால் நின்ற என் நாக்கு அசையத் தொடங்கிவிட்டது. பதிந்திருக்கிறோம், நாளைக்கு நேர்முகம், நல்ல பிள்ளை. அத்தனையும் தொண்டைக்கு வந்து நின்றன. மச்சாளின் காதுகள் சிவந்திருப்பதை நான் பின்னாலிருந்து பார்த்தேன். தோள்கள் மெல்ல உயர்வதையும் பார்த்தேன். பிறகு, அவர் சொல்லிய அந்தச் சின்ன இடத்தில், தோள்கள் இறங்கின. அவர் ஒன்றும் சொல்லவில்லை.

மௌனத்தை உடைத்தவர் அதிகாரிதான். வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள் என்று கேட்டார். மச்சாள் மூவரையும் சொன்னார். அதிகாரி தம்பியைக் கூப்பிடச் சொன்னார், மச்சாள் கூப்பிட்டார். அடையாள அட்டையைக் கேட்டார், கொடுத்தார். பதிவுத் துண்டைக் கேட்டார்; அதையும் கொடுத்தார். ஒவ்வொன்றாக, கேட்ட பின், கேட்டதை மட்டும். யாழ்ப்பாண விலாசத்தைக் கண்டதும் அதிகாரி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்போதுதான் அவருடைய கண் மச்சாளின் இடக்கையில் விழுந்தது. பேணி நடுங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர் விளிம்பால் தளும்பி நிலத்தில் சொட்டியது.

“கை ஏன் நடுங்குகிறது?” என்று கேட்டார் அதிகாரி. பின்னால் நின்றவர்களில் ஒருவர் ஓரடி முன்னுக்கு வந்தார்.

இல்லை என்று சொல்லலாம். காய்ச்சல் என்று சொல்லலாம். நானாக இருந்தால் அப்படித்தான் ஏதாவது சொல்லியிருப்பேன். மச்சாள் தன் கையைக் குனிந்து பார்த்தார். யாருடையதோ கையைப் பார்ப்பதுபோல், ஆனால் அன்போடு பார்த்தார். பிறகு நிமிர்ந்து, சிங்களத்தில், சாதாரணக் குரலில் சொன்னார்.

“பயமாக இருக்கிறது, மாத்தயா.”

“ஏன் பயம்?”

“நாளைக்குத் தம்பிக்கு விசா நேர்முகம். போனமுறை விசாரிக்கக் கொண்டுபோனதில் அது தவறிவிட்டது. நாளைக்கும் தவறினால் அவனுக்குப் படிக்க இடமில்லை. அந்தப் பயம்.”

கேட்டார்; சொன்னார். முந்தைய வருடம் யாரும் கேட்காமலே கொட்டிய அதே பயம்தான், ஏறக்குறைய அதே விவரங்கள்தான். ஆனால் அன்று பயம் மச்சாளை வைத்துப் பேசியது. இன்று மச்சாள் பயத்தைப் பற்றிப் பேசினார். அதிகாரி அவரைச் சற்று நேரம் பார்த்தார். தம்பியைப் பார்த்தார். அட்டையைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு, நேர்முகத்துக்குப் போகும் கடிதத்தையும் நாளைக்குக் கையில் வைத்திருக்கச் சொன்னார். பிறகு எதிர் வீட்டுக் கதவைத் தட்டப் போனார்.

மச்சாள் கதவைச் சாத்தினார். சாத்திய கதவில் முதுகைச் சாய்த்து அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். நானும் பக்கத்தில் போய் இருந்தேன். அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது: “நான் கூடச் சொன்னனானோ?”

“இல்லை மச்சாள். கேட்டதுக்கு மட்டும்தான்.”

தலையை ஆட்டினார். அப்போதுதான் எங்கள் மூவருக்கும் மணம் பிடித்தது. தம்பி அயர்னைச் சட்டைமேலேயே வைத்துவிட்டு வந்திருந்தான். வெள்ளைச் சட்டையின் நெஞ்சில் கபில நிறத்தில் ஒரு முக்கோணம். மச்சாள் அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். கண்ணால் தண்ணீர் ஓடும்வரை சிரித்தார். “தம்பியைக் காப்பாத்தினன், சட்டையை விட்டுட்டன்,” என்றார். அடுத்த நாள் தம்பி அண்ணாவின் சட்டையில், தோள் இரண்டும் தொங்க, நேர்முகத்துக்குப் போனான். விசா கிடைத்தது. 

இங்கே ஒன்றைக் கவனமாகச் சொல்லவேண்டும். ஒரு வாய் தண்ணீர் தம்பியைக் காப்பாற்றியது என்று நான் எழுதமாட்டேன். அதே பின்னேரம் அதே ஒழுங்கையில், மச்சாளைவிட நிதானமாகப் பதில் சொன்ன வீடுகளிலிருந்தும் பிள்ளைகளைக் கொண்டுபோனார்கள். சிலர் மாதக்கணக்கில் வரவில்லை. எங்கள் வாசலுக்கு வந்த அதிகாரி வேறொருவராக இருந்திருந்தால் இந்தக் கட்டுரையின் முடிவும் வேறாக இருந்திருக்கும். மனதை அடக்கியவர்கள் தப்பினார்கள் என்று சொன்னால், தப்பாதவர்கள் ஏதோ ஒரு பயிற்சியில் குறைந்தவர்கள் என்று ஆகிவிடும். அது அவர்களுக்குச் செய்யும் இரண்டாவது அநீதி. ஒருவர் தன்னை அறிந்துகொள்வது நாட்டின் நிலைமையைத் திருத்திவிடாது. இதில் எனக்கு அன்றும் மயக்கமில்லை, இன்றும் இல்லை.

என் பெருமை வேறிடத்தில் இருக்கிறது. தம்பியைக் கொண்டுபோயிருந்தாலும், அந்த வாசலில் மச்சாள் நின்ற நிலை அப்படியே இருந்திருக்கும். எங்களிடமிருந்து பலவற்றைப் பறித்துக்கொண்ட காலம் அது. நாங்கள் வாய் திறக்கும்போது யார் பேசுகிறார்கள் என்பதைக்கூடப் பறித்துக்கொண்டது. மச்சாள் அதை மரக்கறிக் கடையில் கொஞ்சம், பஸ்ஸில் கொஞ்சம், காஸ்காரரிடம் கொஞ்சமாகத் திருப்பி வாங்கினார். தன் நடுக்கத்தை மறைக்காமல், அதற்காக வெட்கப்படாமல், அதன் பெயரைச் சொல்லிவிட்டு நிறுத்திய அந்த ஒரு வசனத்தைப்போல் துணிவான பேச்சை நான் எந்த மேடையிலும் கேட்டதில்லை. அன்று எதிர் வீட்டு வாசலில் நடந்ததையும் சொல்லவேண்டும். கொட்டாஞ்சேனை அன்ரி எங்கள் கதவடியில் நடந்ததைத் தன் கதவிடுக்கால் முழுவதும் பார்த்திருக்கிறார். அதிகாரி போன பிறகு வந்து, பகிடி எதுவும் விடாமல், “புள்ள, எந்தக் கடையில வாங்கின பேணி?” என்று கேட்டார். சில நாட்களில் அவர் வீட்டுக் கதவடியிலும் ஒன்று இருந்தது. பிறகு மூன்றாம் மாடியிலும் கண்டேன்.

யுத்தம் முடிந்து பல வருடங்களாகிவிட்டன. அந்தப் பழைய தொடர்மாடியை இடித்துவிட்டு அதைவிட மும்மடங்கு உயரமாக ஒன்றைக் கட்டிவிட்டார்கள். அண்ணா திரும்பி வந்துவிட்டார். அவரும் மச்சாளும் தெஹிவளையில், லிஃப்டும் கதவில் கமராவும் உள்ள ஒரு வீட்டில் இருக்கிறார்கள். தம்பி இரண்டு பிள்ளைகளோடு லண்டனில். வாரத்துக்கொருமுறை வீடியோவில் வந்து, “அக்கா, திறப்பு இருக்கோ?” என்று கேட்டுவிட்டுத்தான் சுகம் விசாரிப்பான். சென்ற மாதம் நான் அங்கே போனேன். மணியை அழுத்தினேன். கமராவில் என் முகம் தெரிந்திருக்கும், உடனே திறந்திருக்கலாம். திறக்கவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம், ஒரு பேணியை மரத் தட்டின்மேல் வைக்கும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு கதவு திறந்தது. என் மச்சாள் தலை முழுக்க நரைத்து, வாயில் தண்ணீரோடு, என்னைப் பார்த்துக் கண்ணால் சிரித்தார். தட்டின் மேல் அதே பேணி இருந்தது. விளிம்பின் நெளிவு இப்போது சற்றுப் பெரிதாகத் தெரிந்தது.

நான் இன்றும் முறைப்பாடுகளைப் பதியும் வேலையைத்தான் செய்கிறேன். காணி இழந்தவர்களும் பிள்ளைகளைத் தேடுகிறவர்களும் என் மேசைக்கு வருகிறார்கள். கதிரையில் இருக்கும் முன்னரே, நான் எதுவும் கேட்கும் முன்னரே, தங்களைப் பற்றி விளக்கம் சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள். மச்சாள் அந்த அதிகாரிக்கு முன்னால் நின்ற பின்னேரத்துக்குப் பிறகு நான் எவரிடமும் முதலில் கேள்வி கேட்டதில்லை. தண்ணீர் கொடுத்து, அவர்கள் குடித்து முடிக்கும்வரை காத்திருக்கிறேன்.